மாலை வகுப்பறையில் பிறந்த துறை: பிரிட்டனில் பகுதிநேரத் திரைப்பட, எண்ணிம ஊடகக் கல்வியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பிரிட்டனில் திரைப்பட ஆய்வு இன்று பல்கலைக்கழகங்களின் முழுநேரத் துறைகளுள் ஒன்றாக விளங்குகிறது. பகுதிநேர முதுகலைப் படிப்பு, முழுநேரம் படிக்க இயலாதவர்களுக்கு அளிக்கப்படும் சலுகையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாற்றில் இவ்வரிசை நேர்மாறானது. வயது வந்தோர் கல்வி இயக்கமும் மாலை நேர வகுப்புகளுமே இத்துறைக்கு முதலில் நிறுவனங்களையும் பாடமுறையையும் மாணவரையும் அளித்தன. முழுநேரப் பட்டம் பின்னரே வந்தது. இலண்டன் பிர்க்பெக் கல்லூரியை மையமாகக் கொண்டு இவ்வளர்ச்சியை விளக்கும் இக்கட்டுரை, 2008-க்குப் பிந்தைய கல்வி நிதிக் கொள்கைகள் இம்மரபை எவ்வாறு பாதித்தன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பகுதிநேரக் கல்வி, திரைப்பட ஆய்வு, வயது வந்தோர் கல்வி, பிர்க்பெக் கல்லூரி, எண்ணிம ஊடகம்.

முன்னுரை

இலண்டன் புளூம்ஸ்பரிப் பகுதியில் உள்ள கார்டன் சதுக்கத்தின் 46ஆம் எண் இல்லத்தில் 1904ஆம் ஆண்டு முதல் சில காலம் வர்ஜீனியா வுல்ஃப் தம் உடன்பிறந்தாருடன் வாழ்ந்தார். பின்னர் பொருளியல் அறிஞர் கெயின்ஸ் அங்குக் குடியிருந்தார். அதே வரிசைக் கட்டடங்களில்தான் இன்று பிர்க்பெக் கல்லூரியின் கலைத்துறை இயங்குகிறது. 2007இல் திறக்கப்பட்ட பிர்க்பெக் திரையரங்கும் அங்கேயே உள்ளது. அலுவலகங்கள் மூடும் மாலை ஆறு மணிக்கு இங்கு வகுப்புகள் தொடங்குகின்றன. பகல் முழுவதும் வேறு பணி செய்துவிட்டு வருவோரே இக்கல்லூரியின் மரபான மாணவர்கள்.

இங்கிலாந்தில் ஒரு முதுகலைப் பட்டம் 180 மதிப்பலகுகளைக் கொண்டது. அதனை முழுநேர மாணவர் ஓராண்டிலும் பகுதிநேர மாணவர் வழக்கமாக ஈராண்டிலும் முடிக்கின்றனர். பாடத்திட்டமும் தேர்வு அளவுகோலும் பட்டமும் இருவர்க்கும் ஒன்றே. காலம் மட்டுமே வேறுபடுகிறது. எனவே பகுதிநேரக் கல்வியை முழுநேரக் கல்வியின் நீட்டிக்கப்பட்ட வடிவமாகக் காண்பது இயல்பாகத் தோன்றுகிறது. திரைப்படக் கல்வியைப் பொறுத்தவரை அவ்வாறு காண்பது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கைவினைஞர் கழகமும் மாலை நேரமும்

1823ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் ஸ்டிராண்ட் வீதியில் இருந்த ‘கிரவுன் அண்ட் ஆங்கர்’ விடுதியில் மருத்துவர் ஜார்ஜ் பிர்க்பெக்கும் அவருடைய நண்பர்களும் கூட்டிய கூட்டத்திற்குப் பெருந்திரளான மக்கள் வந்தனர். உழைக்கும் மக்களுக்கு அறிவியலைக் கற்பிக்க ஒரு கழகம் வேண்டும் என்பது அக்கூட்டத்தின் நோக்கம். அவ்வாண்டே இலண்டன் கைவினைஞர் கழகம் தோன்றியது. உழைப்பாளிக்குக் கல்வியளிப்பது சமூக அமைதிக்குக் கேடு என்று அஞ்சியோர் அக்காலத்தில் இருந்தனர். 1830இல் பெண்களும் அங்குச் சேர்க்கப்பட்டனர். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களுக்குக் கதவு திறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது.

அக்கழகம் 1907இல் பிர்க்பெக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பானது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் கல்லூரிகள் பல நகரை விட்டு வெளியேறின. மாணவர்கள் நகரத்திலேயே வேலை செய்வோராக இருந்தமையால் பிர்க்பெக் இடம்பெயரவில்லை. கல்லூரி எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதை மாணவரின் வேலைநேரமே தீர்மானித்தது. நகரின் வேலைநாளோடு பிணைந்த இக்கால ஒழுங்கு, பின்னர் திரைப்படக் கல்விக்கு ஏற்ற இடமாகப் பிர்க்பெக் அமைந்ததற்கு ஒரு காரணமாகும்.

வயது வந்தோர் கல்வியும் திரைப்படமும்

திரைப்படம் கற்கத் தக்க பொருள் என்ற கருத்தைப் பிரிட்டனில் முதலில் நிறுவன அளவில் முன்னெடுத்தது பல்கலைக்கழகமன்று. வயது வந்தோர் கல்வி இயக்கமே ஆகும். அவ்வியக்கத்தின் மைய அமைப்பான பிரிட்டிஷ் வயது வந்தோர் கல்வி நிறுவனம் முன்னின்று கூட்டிய மாநாட்டின் விளைவாக, 1929இல் கல்வி, பண்பாட்டுத் திரைப்படங்களுக்கான ஆணையம் அமைக்கப்பட்டது. ‘தேச வாழ்வில் திரைப்படம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அதன் அறிக்கை 1932இல் வெளிவந்தது. அவ்வறிக்கையின் பரிந்துரைப்படியே 1933இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றும் வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழை 1932இல் தொடங்கியதும் அதே வயது வந்தோர் கல்வி நிறுவனம்தான். 1934இல் அது திரைப்பட நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது.

போருக்குப் பின்னர் இவ்வுறவு மேலும் ஆழமாயிற்று. 1946 முதல் 1961 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் புறக்கல்வித் துறையில் ஆசிரியராக இருந்த ரேமண்ட் வில்லியம்ஸ், சிற்றூர்களிலும் நகரங்களிலும் உழைப்பாளருக்கு மாலை வகுப்பு எடுத்தார். மைக்கேல் ஓரமுடன் இணைந்து அவர் எழுதிய திரைப்படம் பற்றிய நூல் 1954இல் வெளிவந்தது. 1957இல் வெகுமக்கள் பண்பாடு குறித்துப் புகழ்பெற்ற நூலை எழுதிய ரிச்சர்ட் ஹாகர்ட், அப்போது ஹல் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்வித் துறையில் பணியாற்றியவர். பண்பாட்டு ஆய்வின் தோற்றத்தைப் புகழ்பெற்ற நூல்களில் மட்டும் தேடுவது பிழை என்றும், அந்நூல்களுக்கு முன்பே அது வயது வந்தோர் வகுப்புகளில் நடைமுறையில் இருந்தது என்றும் வில்லியம்ஸ் பிற்காலத்தில் வாதிட்டார். அவ்வாதம் திரைப்பட ஆய்வுக்கும் பொருந்தும்.

புறக்கல்வி வகுப்பின் பாடமும் கருவியும்

1950களிலும் 1960களிலும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் கல்வித் துறையும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் புறக்கல்வித் துறையும் இணைந்து திரைப்பட வகுப்புகளை நடத்தின. அவை பின்னர்ச் சான்றிதழ்ப் படிப்பாக விரிந்தன. 1957இல் திரைப்பட நிறுவனத்தின் கல்விப் பணிக்கு வந்த பாடி வானெல், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரும் ஸ்டூவர்ட் ஹாலும் இணைந்து எழுதிய ‘பாப்புலர் ஆர்ட்ஸ்’ (1964) என்னும் நூல், மக்கள் விரும்பிப் பார்க்கும் படங்களை இகழாமலும் போற்றிப் பாடாமலும் ஆராயும் வழியைக் காட்டியது.

இவ்வகுப்புகளுக்கு வந்தோர் தேர்வுக்காகத் திரைப்படத்தை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய இளைஞர் அல்லர். இருபது, முப்பது ஆண்டுகள் திரையரங்கில் படம் பார்த்து வந்தவர்கள். அவர்கள் அறிந்த படங்களை விலக்கிவிட்டுப் பாடம் நடத்துதல் இயலாது. அமெரிக்க மேற்கத்தியப் படமும் குற்றப்படமும் அங்கு ஆய்வுப் பொருளாயின. இத்துறையில் பின்னர் வலுப்பெற்ற படவகை ஆய்வுக்கு இவ்வகுப்பறையும் ஒரு விளைநிலம். ஆசிரியர் மட்டுமே அறிந்த நூலை மாணவருக்கு விளக்கும் முறை இங்கே செல்லுபடியாகவில்லை. படத்தை இருவரும் பார்த்திருந்தனர். எனவே கலந்துரையாடலே கற்பித்தல் முறையாக அமைந்தது.

இம்முறைக்குப் பொருள்சார்ந்த எல்லைகளும் இருந்தன. ஒளிநாடா வருவதற்கு முன்னர் வகுப்பறைக்குப் படம் என்பது வாடகைக்கு எடுக்கப்பட்ட 16 மி.மீ. படச்சுருள். ஒரு முழுநீளப் படம் மாலை நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மறுநாள் சுருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே திரைப்பட நிறுவனம் படங்களின் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தனிச் சுருள்களாகக் கல்விக்கென வழங்கியது. ஒரு காட்சியை எடுத்து அதன் சட்டக அமைப்பு, ஒளி, தொகுப்பு ஆகியவற்றை நுணுகி ஆராயும் பழக்கம் ஒரு கோட்பாட்டின் விளைவாக மட்டும் உருவானதன்று. இரண்டு மணி நேர வகுப்பின் நெருக்கடியும் அதற்குத் துணைநின்றது.

இந்தியாவுடனான தொடர்பு

இம்மரபு பிரிட்டனுடன் நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் விரிவுரையாளராகப் பணியாற்றியவரும் ஐசன்ஸ்டைன் வாழ்க்கை வரலாற்றை 1952இல் வெளியிட்டவருமான மேரி சீட்டன், 1950களின் நடுவில் இந்தியக் கல்வி அமைச்சகத்தின் அழைப்பில் இந்தியா வந்து திரைப்பட ரசனை குறித்து விரிவுரைகள் ஆற்றினார். சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவான காலச்சூழலில் அவ்விரிவுரைகளுக்கும் இடமுண்டு. திரைப்படச் சங்கம் என்பதும் வேலை முடிந்த மாலையில் கூடும் அமைப்பே ஆகும்.

ஆயினும் இந்தியாவில் நிறுவனக் கல்வி வேறு வழியில் சென்றது. சென்னையில் 1945இல் தொடங்கிய திரைப்படத் தொழில்நுட்பக் கல்வியும், 1951ஆம் ஆண்டு எஸ்.கே. பாட்டீல் குழு அறிக்கையின் பரிந்துரையைத் தொடர்ந்து 1960இல் புனேயில் பிரபாத் படப்பிடிப்பு வளாகத்தில் தொடங்கிய திரைப்படக் கழகமும் தொழிலுக்கு ஆள்களை உருவாக்கும் முழுநேரப் பயிற்சியையே முதன்மையாகக் கொண்டன. பிற பணியில் இருப்போர்க்கான வாயில், 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் பேராசிரியர் சதீஷ் பகதூரும் 1970களில் வளர்த்த கோடைக்காலத் திரைப்பட ரசனைப் படிப்பின் வழியே திறந்தது. ஆசிரியர், அலுவலர், இதழாளர் எனப் பலர் விடுப்பு எடுத்துக்கொண்டு சில வாரங்கள் புனேயில் தங்கிப் படித்தனர். பிரிட்டனில் மாலை நேரம் செய்த பணியை இந்தியாவில் கோடை விடுமுறை செய்தது எனலாம். ஆனால் அது பட்டப்படிப்பாக வளரவில்லை.

பட்டமாக மாறிய மாலை

பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டத்தை நோக்கிய நகர்வு இரு வழிகளில் நிகழ்ந்தது. ஒன்று, இலண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் இயக்குநர் தோரல்ட் டிக்கின்சன் 1960இல் தொடங்கிய முதுநிலைத் திரைப்படத் துறை. 1967இல் அவர் பிரிட்டனின் முதல் திரைப்படப் பேராசிரியர் ஆனார். இது முழுநேரக் கல்வியின் வழி. இதன் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அது சிலருக்கே இடமளித்த சிறு துறையாகவே இருந்தது.

மற்றொன்று, திரைப்பட நிறுவனத்தின் கல்வித் துறை வகுத்த வழி. 1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் சில பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் பணியிடங்களுக்குத் தொடக்கநிலை நிதி அளித்தது. 1973இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் ராபின் வுட் பெற்ற பணியிடம் அவற்றுள் ஒன்று. மாலை வகுப்புகளில் உருவான பாடப்பொருள் இவ்வாறு பகல் வகுப்புக்கு இடம்பெயர்ந்தது.

இக்காலத்தில் கோட்பாட்டு விவாதத்தின் களமாக விளங்கிய ‘ஸ்கிரீன்’ இதழும் பல்கலைக்கழகத்தின் படைப்பன்று. 1950இல் திரைப்படம் கற்பித்த பள்ளி ஆசிரியர்கள் அமைத்த சங்கத்தின் வெளியீடாகவே அது வளர்ந்தது. அச்சங்கம் வார இறுதிப் பள்ளிகளையும் வாசிப்புக் குழுக்களையும் நடத்தியது. பார்வையும் பாலினமும் குறித்து லாரா மல்வி 1975இல் ‘ஸ்கிரீன்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் திரைப்படத் துறைகளின் அடிப்படைப் பாடமாயிற்று. அதனை எழுதியபோது மல்வி பல்கலைக்கழகப் பணியில் இல்லை. பெண் விடுதலை இயக்கத்தின் வாசிப்புக் குழுக்களில் பங்கேற்றவராக இருந்தார். அவர் பின்னாளில் பிர்க்பெக் கல்லூரியில் பேராசிரியராகப் பொறுப்பேற்றது இவ்வரலாற்றின் இயல்பான தொடர்ச்சி எனலாம்.

1988இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் புறக்கல்வித் துறை பிர்க்பெக் கல்லூரியுடன் இணைக்கப்பட்டது. 1990களில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமும் பிர்க்பெக்கும் கூட்டாக ஒரு முதுகலைப் படிப்பை நடத்தின. திரைப்பட நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த காலின் மக்கேப் இதில் முக்கியப் பங்காற்றினார். 1930களில் வயது வந்தோர் கல்வி உருவாக்கிய நிறுவனமும், 1823இல் உழைப்பாளருக்காகத் தொடங்கப்பெற்ற கல்லூரியும், அறுபது ஆண்டுகளுக்குப் பின் முதுகலைப் பட்டத்தில் சந்தித்தன.

எண்ணிம மாற்றமும் படிப்பின் விரிவும்

1990களின் இறுதியில் டிவிடி தொழில்நுட்பம் வீட்டில் திரைப்படம் பார்க்கும் முறையை மாற்றியது. 2005இல் யூடியூப் தொடங்கியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரையரங்குகளே படச்சுருளைக் கைவிட்டன. முதுகலைப் படிப்புகளின் பெயர்களும் மாறின. ‘திரைப்படம்’ என்ற சொல்லோடு ‘தொலைக்காட்சி’, ‘காட்சி ஊடகம்’, ‘திரை ஊடகம்’, ‘எண்ணிம ஊடகம்’ ஆகியன சேர்ந்தன. மல்வியின் 2006ஆம் ஆண்டு நூல் இம்மாற்றத்தைக் கோட்பாட்டளவில் ஆராய்ந்தது. படத்தை நிறுத்தவும் பின்னோக்கிச் செலுத்தவும் பார்வையாளர் பெற்ற ஆற்றல், அசையும் படத்துக்குள் உறைந்திருக்கும் அசையாப் படத்தை வெளிப்படுத்துகிறது என்பது அதன் மையக் கருத்து.

இம்மாற்றத்தால் பகுதிநேர மாணவர் பெரிதும் பயனடைந்தனர். முன்பு ஒரு படத்தைக் காண அது திரையிடப்படும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். வேலைநாளாயின் வாய்ப்பு தவறிவிடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்காக ஒளிபரப்புகளைப் பதிவு செய்து வழங்கும் ‘பாக்ஸ் ஆஃப் பிராட்காஸ்ட்ஸ்’ போன்ற சேவைகள் வழியே, அவர் இரவு பத்து மணிக்கும் படத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம்.

எனினும் இதனால் மாலை வகுப்பு தேவையற்றதாகிவிடவில்லை. படம் கிடைப்பதே இடர்ப்பாடாக இருந்த காலத்தில் வகுப்பு படத்தை அளித்தது. படம் எங்கும் கிடைக்கும் காலத்தில் அது படத்தைப் பற்றிச் சேர்ந்து சிந்திக்கும் நேரத்தை அளிக்கிறது. செவிலியரும் சட்டத்தரணியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே காட்சியை ஒரே திரையில் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வரும் வகுப்பறையை எண்ணிமக் காப்பகம் தானாக உருவாக்கித் தராது.

கட்டணமும் காலமும்

இம்மரபுக்குப் பெரும் நெருக்கடி தொழில்நுட்பத்திலிருந்து வரவில்லை. நிதிக் கொள்கையிலிருந்து வந்தது. 2007இல் பிரிட்டிஷ் அரசு, ஒருவர் ஏற்கெனவே பெற்ற பட்டத்திற்கு இணையான அல்லது கீழ்நிலையான தகுதிக்காக மீண்டும் படிப்பின் அவருக்கான அரசு மானியம் இங்கிலாந்தில் நிறுத்தப்படும் என அறிவித்தது. 2008-09 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த இம்முடிவு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு மானியத்தைப் பாதித்தது. முதல் பட்டமே பெறாதவர்களுக்கு அத்தொகையைத் திருப்புவதே நோக்கம் என்று அரசு கூறியது. அந்நியாயம் முற்றிலும் புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் அதன் சுமை வயது வந்தோர் அதிகம் பயிலும் பிர்க்பெக் கல்லூரி மீதும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மீதுமே மிகுதியாக விழுந்தது.

2012இல் கட்டண உச்சவரம்பு உயர்ந்தது. கலை, மானுடவியல் பாடங்களுக்கான கற்பித்தல் மானியம் பெருமளவு நீக்கப்பட்டது. பகுதிநேர இளங்கலை மாணவருக்குக் கடன் வசதி வழங்கப்பட்டபோதிலும், முன்னரே பட்டம் பெற்றோர் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறவில்லை. 2010-க்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் இங்கிலாந்தில் பகுதிநேர இளங்கலைப் படிப்பில் சேர்வோர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதுகலைக்கு மாணவரைக் கொண்டுசேர்த்த வழிகளுள் ஒன்று இவ்வாறு சுருங்கியது.

2016இல் முதுகலைப் படிப்புக்கு 10,000 பவுண்டு வரையிலான கடன் அறிமுகமாயிற்று. பகுதிநேர மாணவரும் இதனைப் பெறலாம் என்பது உண்மையான முன்னேற்றம். ஆயினும் ஏற்கெனவே ஒரு முதுகலைப் பட்டம் பெற்றவரும் 60 வயதை எட்டியவரும் இதிலிருந்து விலக்கப்பட்டனர். பொறியியலில் முதுகலை முடித்து இருபதாண்டு பணியாற்றியவர் திரைப்படம் பயில விரும்பினால் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்த வேண்டும். 2007, 2012, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளின் முடிவுகளிலும் ஒரே கருதுகோள் அடங்கியுள்ளது: மனிதருக்கு ஒரு துறையே போதும், அதனை இளமையில் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். 2022இல் பிர்க்பெக் கல்லூரி பெருமளவில் பணியிடக் குறைப்பை அறிவித்தபோது, இந்நெருக்கடி ஆசிரியர்களின் வாழ்வையும் எட்டியது.

மாலைக் கல்வியை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். பகல் உழைப்பின் களைப்போடு கோட்பாட்டு நூலைப் படிப்பது எளிதன்று. குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் பெண்கள் மீதே அதிகம் சுமத்தப்படும் சமூகத்தில், மாலை ஆறு மணி என்பது எல்லார்க்கும் ஓய்வு நேரமன்று. பகுதிநேர மாணவர் இடையில் படிப்பைக் கைவிடும் வாய்ப்பும் மிகுதி. இக்குறைகள் மாலைக் கல்விக்குக் கூடுதல் ஆதரவு தேவை என்பதற்கான சான்றுகளாகும். ஆனால் கொள்கை எதிர்த்திசையில் சென்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழி மூன்று முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, பிரிட்டனில் திரைப்பட ஆய்வுக்கு அடித்தளமிட்ட நிறுவனங்கள் வயது வந்தோர் கல்வி இயக்கத்திலிருந்து தோன்றியவை. இரண்டாவது, வெகுமக்கள் படங்களைத் தீவிரமாக ஆராய்தல், காட்சிப் பகுதிகளை நுணுகி வாசித்தல், கலந்துரையாடலை மையப்படுத்துதல் ஆகிய பழக்கங்கள் மாலை வகுப்பின் மாணவராலும் நேர நெருக்கடியாலும் வலுப்பெற்றன. மூன்றாவது, எண்ணிம ஊடகம் இக்கல்வியின் கருவிகளை மாற்றியதே தவிர, அதன் தேவையை நீக்கவில்லை. அதனைச் சுருக்கியது நிதிக் கொள்கையே.

பகுதிநேர மாணவரை இழப்பதால் ஏற்படும் இழப்பு வருவாய் இழப்பு மட்டுமன்று. திரைப்படத்தைத் தம் உழைப்பின், வாழ்வின் அனுபவத்தோடு பொருத்திப் பார்த்த வகுப்பினரே இத்துறையின் முதல் மாணவர்கள். அவர்கள் இல்லாத வகுப்பறையில் இருபத்திரண்டு வயதினர் தம் வயதினரோடு மட்டுமே திரைப்படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பர். இந்தியாவில் பகுதிநேர ஊடகக் கல்வியைத் திட்டமிடுவோரும் இவ்வரலாற்றைக் கருத்தில் கொள்ளலாம். புனேயின் கோடைக்காலப் படிப்புக்கு விடுப்பெடுத்து வந்தோரின் ஆர்வம் ஒரு பட்டப்படிப்பைத் தாங்கும் வலிமை கொண்டதா என்பதை, வேலை முடித்து வருவோர்க்கு மாலையில் வகுப்பறையைத் திறந்து வைத்த பின்னரே அறிய முடியும்.